வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாதீர்கள்: என் 12 மாதப் பணம் போய்விட்டது

வீட்டுக்கு இணைய இணைப்பு தேடிக்கொண்டிருக்கிறீர்களா? மலிவாக இருக்கிறதே என்று ஒரு வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டப் போகிறீர்களா? தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். என்னுடைய 12 மாதப் பணம் போய்விட்டது. "வருட பிளானுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்று இன்று காலை கைவிரித்துவிட்டார்கள். அந்தக் கோபம் அடங்குவதற்கு முன்பே எழுதிவிடுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் இல்லை. பெரியவர்களிடம் மொத்தமாக இணைப்பு வாங்கி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற வகை. இந்தத் தொழிலை ஒழுங்காகச் செய்கிறவர்களும் உண்டு. கூப்பிட்டால் அரை மணி நேரத்தில் வந்து நிற்பார்கள், விலையும் குறைவு. அப்படிப்பட்டவர்கள் என்று நினைத்துத்தான் இவர்களை அழைத்தேன்.

வந்த விற்பனையாளர் நன்றாகப் பேசினார். "ஃபைபர் கனெக்‌ஷன் அக்கா, 200 எம்பிபிஎஸ். 12 மாசத்துக்குக் கட்டுங்க, 15 மாசம் ஓடும். ரவுட்டர் ஃப்ரீ, இன்ஸ்டாலேஷன் ஃப்ரீ." நான் உடனே பணத்தை எடுத்து நீட்டவில்லை. மாலை வேளையில் வேகம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். நான் ஆன்லைனில் பாடம் எடுக்கிறேன், வகுப்புகள் எல்லாமே மாலையில்தான் என்று தெளிவாகச் சொன்னேன். அவர் மாடிப்படி ஓரத்தில் இருந்த பெட்டியைத் திறந்து, தன் லேப்டாப்பை அதில் சொருகி, ஸ்பீடு டெஸ்ட் ஓடவிட்டார். முள் விறுவிறுவென்று ஏறி 200-ஐத் தாண்டி நின்றது. "நீங்களே பாருங்க அக்கா, நான் சொல்றதுக்கு என்ன இருக்கு" என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

பிடிக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். "30 நாளைக்குள்ள சொல்லுங்க, முழுப் பணமும் திரும்ப வந்துடும்" என்றார். எழுதித் தர முடியுமா என்றேன். அங்கேயே நின்று, அதே வார்த்தைகளைத் தட்டச்சு செய்து என் போனுக்கு அனுப்பினார். அந்தச் செய்தி வந்து விழுந்த பிறகுதான் பணம் கட்டினேன். கண்ணால் பார்த்தாயிற்று, எழுத்தில் வாங்கியாயிற்று. இதற்கு மேல் ஒரு வாடிக்கையாளர் என்னதான் கேட்பது?

பணம் போனதும் அவர்கள் பேச்சு மாறிவிட்டது. கேபிள் வர வேண்டும், ஆள் வர வேண்டும் என்று இணைப்புக் கொடுக்கவே இழுத்தடித்தார்கள். கடைசியில் வீட்டுக்குள் வந்தது ஃபைபர் இல்லை, சாதாரண செம்புக் கம்பி லேன் கேபிள். கேட்டால், "ஃபைபர் பில்டிங் வரைக்கும் வருது, உள்ளே இதுதான்" என்றார் கேபிள் இழுத்தவர். அந்தக் கேபிளும் மொட்டை மாடி வழியாக எங்கோ சுற்றி வருகிறது, நடுவில் ஓர் ஒட்டு, அதன் மேல் கறுப்பு டேப். மேலே கூரை கூடக் கிடையாது, மழை பெய்தால் நேராக அதன் மேல்தான்.

வேகம் பகலில் 90 எம்பிபிஎஸ்ஸைச் சுற்றி வந்தது. அதற்கு மேல் ஒரு நாளும் ஏறவில்லை. மாலை ஆனால் அதுவும் படுத்துவிடும். வகுப்பு நடுவில் என் படம் உறைந்து நிற்கும், குரல் துண்டு துண்டாகப் போகும். பிள்ளைகள் "மிஸ், கேக்கல" என்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். பரீட்சை நெருங்குகிற நேரத்தில் இந்தக் கூத்து.

கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அப்புறம் வைஃபை என்றால் அப்படித்தான் என்றார்கள். கேபிளை நேரடியாக லேப்டாப்பில் சொருகிப் பார்த்துவிட்டேன் என்றேன். மாலையில் டவுன்லோடு நொடிக்கு 1.5 மெகாபைட்டுக்கு மேல் வரவில்லை என்றதும், "நீங்க பைட் கணக்குல பாக்குறீங்க, நாங்க குடுக்குறது பிட் கணக்கு, 8-ஆல் பெருக்குங்க" என்று பாடம் எடுத்தார் ஒருவர். எனக்கும் அந்தக் கணக்குத் தெரியும். 1.5-ஐ 8-ஆல் பெருக்கினால் 12. விற்றது 200. 200 எம்பிபிஎஸ் உண்மையாக வந்தால் டவுன்லோடு நொடிக்கு 25 மெகாபைட் வரை போக வேண்டும். இதைச் சொன்னதும் லைன் கட்.

டிக்கெட் போட்டுவிட்டோம், 24 மணி நேரத்தில் ஆள் வரும் என்பார்கள். யாரும் வர மாட்டார்கள். மறுநாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று செய்தி மட்டும் வரும். வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் எந்தப் புகாரைத் தீர்த்தார்கள்? விற்பனையாளரைப் பிடித்தால், "நான் இப்ப அந்த ஏரியா பாக்குறதில்லை அக்கா" என்கிறார். 12 மாதப் பணத்தை வாங்கும்போது மட்டும் இந்த ஏரியாதான் அவருக்கு எல்லாம்.

நெட்வொர்க் வேலை தெரிந்த உறவினர் ஒருவர் வந்து பார்த்தபோதுதான் சங்கதி வெளியே வந்தது. ரவுட்டரில் சொருகும் அந்தக் கண்ணாடி போன்ற கிளிப்பை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உள்ளே 8 கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் 4 தான் இருந்தன. கேபிளைப் பின்தொடர்ந்து போனால், மீதி 4 கம்பிகள் பிரிந்து கீழ்த்தளத்து வீட்டுக்கு இறங்குகின்றன. ஒரே கேபிளில் இரண்டு வீடு! நான்கு ஜோடியும் இருந்தால்தான் இந்த வகைக் கேபிளில் ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், வேகம் போகும். இரண்டு ஜோடி என்றால் 100-க்கு மேல் தாண்டவே முடியாது, கைக்கு வருவது 94, 95 தான். அதாவது என்னிடம் விற்ற 200 எம்பிபிஎஸ் அந்தக் கேபிளில் என்றைக்குமே வந்திருக்காது. இழுத்தவருக்கு அது தெரியாதா? தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

மாலையில் படுத்துவிடுவதற்குக் காரணம் வேறு: ஒரே இணைப்பை அளவுக்கு மேல் வீடுகளுக்குப் பங்கு போடுவது. பகிர்ந்து கொடுப்பதில் தப்பில்லை. வீடு வரை வருகிற ஃபைபரிலும் பங்கு உண்டு. பரவலாக இருக்கும் ஜிபான் (GPON, ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது) முறையில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் (2500 எம்பிபிஎஸ்) வேகத்தை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால் அது ஓடுகிறது. மேலே வாங்கும் அளவைக் கூட்டாமல் வீடுகளை மட்டும் சேர்த்துக்கொண்டே போவதுதான் அயோக்கியத்தனம். விற்பனையாளர் காட்டிய ஸ்பீடு டெஸ்டின் ரகசியமும் அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தச் சோதனை இவர்களுடைய சொந்த சர்வருக்குப் போகிறது. அவர்கள் வளாகத்துக்குள்ளேயே போய்த் திரும்பினால் முள் ஏன் ஏறாது? வெளியே இருக்கும் வேறு சர்வரைத் தேர்ந்தெடுத்து மாலையில் ஓடவிட்டால் குட்டு உடைகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டில் யூபிஎஸ் இருந்தும் கரண்ட் போனால் நெட்டும் போய்விடுகிறது. மாடிப்படிப் பெட்டிக்குள் இருக்கும், இணைப்பைப் பல வீடுகளுக்குப் பிரித்துவிடும் நெட்வொர்க் ஸ்விட்ச் மின்சாரத்தில் ஓடுகிறது, அதற்கு பேட்டரி இல்லை. வீடு வரை வருகிற ஜிபான் ஃபைபரில் வழியில் ஒளியைப் பிரித்துவிடும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. ஃபைபர் என்ற ஒரு வார்த்தையை நம்பிப் பணம் கொடுப்பது இதற்காகவும்தானே?

ரீஃபண்ட் கேட்டேன். அவர்களே அனுப்பிய செய்தியை எடுத்துக் காட்டினேன். "30 நாள் கணக்கு நீங்க பணம் கட்டிய தேதியிலிருந்து" என்றார்கள். இணைப்புக் கொடுக்காமல் இழுத்தடித்த நாட்களையும் சேர்த்துக் கணக்கு! சரி, ஓடாத மாதங்களுக்காவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஃப்ரீ என்ற ரவுட்டருக்கு வாடகை, ஃப்ரீ என்ற இன்ஸ்டாலேஷனுக்குக் கட்டணம், இடையில் நிறுத்துவதற்கு அபராதம் என்று அடுக்கினார்கள். எல்லாம் கழித்தால் கடைசியில் நான்தான் அவர்களுக்குத் தர வேண்டுமாம். இன்று காலை வருட பிளானுக்கு ரீஃபண்டே கிடையாது என்று முடித்துவிட்டார்கள். 12 மாதப் பணம். வகுப்பு எடுத்துச் சம்பாதித்த 12 மாதப் பணம். இப்போது வேறு இணைப்புக்கு மாதாமாதம் தனியாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் முதலில் ஒரே ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஃபைபர் வீட்டுக்குள் வருகிறதா, படிக்கட்டோடு நிற்கிறதா என்று கேளுங்கள். லேன் கேபிள் என்றால் கிளிப்பில் 8 கம்பிகளை எண்ணுங்கள், 100 மீட்டருக்கு மேல் இழுக்க விடாதீர்கள். வேகத்தை மாலையில், கேபிளில் சொருகி, வெளி சர்வரில் சோதியுங்கள். ரவுட்டர் யாருடையது, வாடகை உண்டா என்பது ரசீதில் இருக்கட்டும். வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவை நேரடியாக இணைத்துப் பார்க்க வேண்டும் என்பவர்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளி ஐபி முகவரியை (WAN IP, இணைப்புக்குக் கொடுத்திருக்கும் எண்) பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை தொடங்கினால் அது பலரோடு பகிர்ந்த முகவரி, அந்த வழி வேலை செய்யாது.

அதே கட்டடத்தில் ஏற்கனவே இணைப்பு வைத்திருக்கும் வீட்டின் கதவைத் தட்டி, ராத்திரி எப்படி ஓடுகிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள். புகார் செய்யும்போது போனில் மட்டும் பேசாதீர்கள். தேதியோடு ஸ்பீடு டெஸ்ட் படங்களை எடுத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். என்னிடம் அவை இருக்கின்றன, நுகர்வோர் புகாருக்கு அவற்றைத்தான் கொண்டு போகிறேன்.