நேற்று நான்காவது தவணையும் போனது: 42,000 ரூபாய் டேப்லெட் கதை

நேற்று 5ஆம் தேதி. பால் வாங்கக் கிளம்பும்போதே பேங்க் மெசேஜ் வந்துவிட்டது. கணக்கிலிருந்து 3,000 ரூபாய் எடுத்துவிட்டார்களாம். நான்காவது தவணை. பணம் கட்டி வாங்கிய பொருள் பீரோ மேல் துணி சுற்றிக் கிடக்கிறது. அதில் படிக்க வேண்டிய பெண் பழையபடி அவள் அம்மாவின் கீறல் விழுந்த போனில் படிக்கிறாள். மொத்தம் 42,000 ரூபாய். இதுவரை போனது 18,000, இனி போகப்போவது 24,000. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் வெட்கம் வந்துவிடும், அப்புறம் எழுத மாட்டேன்.

வெட்கம் ஏனென்றால், நான் பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஆன்லைன் விண்ணப்பமெல்லாம் போட்டுக் கொடுப்பேன். பட்டா, சாதிச் சான்று, ஸ்காலர்ஷிப், நீட் விண்ணப்பம் எல்லாம் என் கைவழியாகத்தான் போகும். தக்காளி மண்டிக்கு வருகிற பெரியவர்கள் போனை நீட்டி "இதுல என்ன வந்திருக்குன்னு பாரு தம்பி" என்பார்கள். "ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று கடைக் கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். அதை ஒட்டினவனே ஒரு ராத்திரியில் மூன்று ஓடிபி சொன்னான்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தால் தாங்க எனக்குத் தெம்பில்லை. வீட்டிலிருந்தே நீட் படிக்கலாம், கோர்ஸ் எடுத்தால் டேப்லெட் இலவசம் என்பார்களே, அந்த ரகம்.

மகள் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு, தமிழ் வழி. டிசம்பரில் அவள் அம்மா போனில் ஏதோ இலவச மாதிரித் தேர்வு எழுதியிருக்கிறாள். கடைசியில் அப்பா நம்பர் கேட்டதாம், போட்டுவிட்டாள். இரண்டாம் நாள் எனக்குப் போன். "சார், உங்க பொண்ணு மாவட்ட அளவுல நல்ல மார்க் எடுத்திருக்கா. 12,000 ரூபா ஸ்காலர்ஷிப் கிடைச்சிருக்கு. வீட்டுக்கு வந்து பேசலாமா?" எந்த அப்பனுக்குத்தான் வேண்டாம் என்று சொல்ல வாய் வரும்?

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கம்பெனிப் பையன் ஒருவன் வந்தான். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. உள்ளே வந்ததும் "நானும் இந்தப் பக்கந்தாண்ணா, அரூர்" என்றான். பேச்சும் நம்ம ஊர்ப் பேச்சுதான். என் அம்மாவை ஆயா என்றான், வீட்டுக்காரியை அக்கா என்றான். அன்றைக்குக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். சாப்பிடுப்பா என்று அம்மா சொன்னதும் கூச்சமே படாமல் உட்கார்ந்து இரண்டாம் உருண்டையும் கேட்டு வாங்கினான். எனக்கு அவன் மேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான் என்று இப்போது தெரிகிறது. கையில் தட்டோடு உட்கார்ந்திருக்கிறவனிடம் கறாராகக் கேள்வி கேட்க யாருக்கு வரும்?

சாப்பிட்டுக் கை கழுவியதும் பேச்சு மாறியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவ சீட்டில் 7.5 சதவீதம் இருக்கிறதல்லவா, 2020இல் வந்ததே, அதைப் பிடித்துக்கொண்டான். "ஆறாவதுலேர்ந்து கவர்மென்ட் ஸ்கூல்தானேண்ணா? அப்ப பாதிக் கிணறு தாண்டியாச்சு. கொஞ்சம் தள்ளிவிட்டா போதும்" என்றான். அம்மாவைப் பார்த்து, "ஆயா, உனக்கு ஊசி போடப்போறது உன் பேத்திதான்" என்றான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று சந்தேகம் கேட்டேன், மூன்றுக்கும் டக்கென்று பதில் வந்தது. தமிழில் இருக்குமா? டேப்லெட்டில் ஒரு வீடியோ ஓட்டிக் காட்டினான், செல் பிரிதல் பாடம், அழகான தமிழ். எங்கள் வீட்டில் டவர் மொட்டை மாடியில்தானே கிடைக்கிறது? "மெமரி கார்டுல மொத்தப் பாடமும் இருக்குண்ணா, நெட்டே வேணாம்." பிடிக்காவிட்டால்? "பதினஞ்சு நாள்ல திருப்பிக் கொடுத்துடுங்க, மொத்தப் பணமும் வந்துடும்."

விலை 54,000. ஸ்காலர்ஷிப் 12,000 போக 42,000. உடனே 6,000 ஜிபே, மீதி மாதம் 3,000 வீதம் பன்னிரண்டு மாதம், வட்டியே இல்லை. 42,000 என்று கேட்டால் மலைப்பாக இருக்கும், மாதம் 3,000 என்றால் ஒரு சீட்டுத் தவணை மாதிரித்தானே. எனக்கும் அப்படித்தான் பட்டது.

அப்புறம் ஓடிபி. அவன் போனில் என் ஆதார் நம்பரைத் தட்டினான், என் போனுக்கு நம்பர் வந்தது. "இது ரிஜிஸ்ட்ரேஷனுக்குண்ணா." சொன்னேன். "இது ஸ்காலர்ஷிப் அப்ரூவல்." சொன்னேன். "இது டேப்லெட் வாரண்டிக்கு." அதையும் சொன்னேன். மறுநாள் கடையில் உட்கார்ந்து அந்த மூன்று மெசேஜையும் முழுதாகப் படித்தேன். முதலாவது ஆதார் சரிபார்ப்பு. இரண்டாவது ஒரு பைனான்ஸ் கம்பெனியின் கடன் பத்திரத்தில் என் மின் கையெழுத்து. மூன்றாவது, மாதாமாதம் என் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள பேங்குக்கு நான் கொடுத்த அனுமதி. அவன் வாயிலிருந்து கடன் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. தவணை, தவணை என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

கடைசியாக டெமோ காட்டுகிறேன் என்று புதுப் பெட்டியை எடுத்து, தன் பைக் சாவியால் சீலைக் கிழித்தான். அவனேதான் கிழித்தான், நான் தொடவில்லை. டேப்லெட்டை மகள் கையில் கொடுத்து, சிரிம்மா என்று ஒரு போட்டோ எடுத்தான். ஆசையாக எடுக்கிறான் என்று நினைத்தோம்.

ஒரு வாரம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தமிழ் வீடியோ உயிரியலில் இரண்டு பாடத்துக்குத்தான். மீதியெல்லாம் ஆங்கிலம், நடுநடுவே இந்தி. மெமரி கார்டில் பாடம் இருப்பது உண்மைதான், ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் லாகின் கேட்கும், அதற்கு நெட் வேண்டும். ஆக மறுபடியும் மொட்டை மாடி. தை மாதப் பனியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தாள். சந்தேகம் கேட்கும் நேரலை வகுப்பில் முந்நூறு பேருக்கு மேல். கேள்வியைத் தட்டி அனுப்பினால் கீழே ஓடிப்போய்விடும். டேப்லெட்டில் அந்த ஆப்பைத் தவிர வேறெதுவும் திறக்காது. பாடப்புத்தகப் பிடிஎஃப் ஒன்றைக்கூட ஏற்ற முடியவில்லை. பக்கத்துக் கடை மொபைல் தம்பியிடம் காட்டினேன். "அண்ணா, இது கம்பெனிப் பூட்டு. ரீசெட் போட்டாலும் மறுபடி அதுவே வந்து உக்காந்துக்கும்" என்றான். என்ன விலை பெறும் என்று கேட்டேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூட்டு இல்லாம புதுசா இருந்தாலே ஒம்பதாயிரம்" என்றான்.

பதினோராவது நாளே திருப்பித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பதினைந்து நாளுக்கு உள்ளேதான், தேதி போட்ட வாட்ஸ்அப் இன்னும் இருக்கிறது. அரூர்க்காரன் முதலில் "பாத்துக்கலாம்ணா" என்றான். அடுத்து "மீட்டிங்ல இருக்கேண்ணா." அடுத்து "என்னை வேற டீமுக்கு மாத்திட்டாங்கண்ணா." அதற்கப்புறம் ஒற்றை டிக்தான். இரண்டு உருண்டை களி தின்றவன்.

கஸ்டமர் கேர் என்றால் பெங்களூரு. இந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. தமிழ் ஆள் வேண்டும் என்றால் "கால் பேக்" வருமாம். ஒரு டிக்கெட் நம்பர் கொடுத்தார்கள், 48 மணி நேரம் என்றார்கள். அது முடிந்து கூப்பிட்டால் அந்த டிக்கெட் மூடப்பட்டுவிட்டது, புது டிக்கெட், மறுபடி 48 மணி நேரம். இப்படி ஆறு டிக்கெட். ஆறாவதில் ஒரு பெண் பொறுமையாக விளக்கினார்: பெட்டி சீல் உடைந்திருக்கிறது, உடைத்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம். உடைத்தது உங்கள் ஆள் அம்மா என்றேன். "டெலிவரி உறுதி செய்யப்பட்டதற்கு போட்டோ இருக்கிறது சார், உங்கள் மகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்" என்றார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் மெயிலில் வந்திருந்த பில்லைத் திறந்து பார்த்தேன். 42,000இல் டேப்லெட்டுக்கு 31,500, கோர்ஸுக்கு 10,500 என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். விளம்பரத்தில் இலவசமாக வந்த டேப்லெட் பில்லில் 31,500! மொபைல் தம்பி ஒன்பதாயிரம் சொன்ன அதே பொருள். பணம் திருப்பிக் கொடுப்பது கோர்ஸ் பங்குக்கு மட்டும்தான், அதுவும் பாடம் திறக்காமல் இருந்தால்தான் என்று கீழே பொடி எழுத்து. அடுத்தவர் விண்ணப்பத்தில் பொடி எழுத்தைப் படித்துச் சொல்லி 30 ரூபாய் வாங்குகிறவன் நான்.

பைனான்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டால், "நாங்கள் கடன் மட்டும்தான் கொடுத்தோம், கோர்ஸ் பற்றி அவர்களிடம் கேளுங்கள்." அவர்களிடம் கேட்டால், "தவணை எங்கள் கையில் இல்லை, பைனான்ஸில் கேளுங்கள்." பேங்கில் கேட்டேன். ஆட்டோ டெபிட்டை நிறுத்த எழுதிக் கொடுக்கலாம், ஆனால் கடன் அப்படியே நிற்கும், அபராதம் ஏறும், சிபில், அதாவது அடுத்த கடன் கேட்கும்போது பேங்க் பார்க்கிற மதிப்பெண், கெடும் என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. கடைக்குப் புது ஜெராக்ஸ் மெஷின் எடுக்க ஆடியில் லோன் போடலாம் என்று இருக்கிறேன், அதனால் சிபிலைக் கெடுத்துக்கொள்ளத் துணிவில்லை. மாதாமாதம் 3,000 விட்டுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச்சில் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு ராயக்கோட்டை வழியாக ஓசூர் போனேன், அங்கே அவர்களுக்கு ஒரு கிளை இருக்கிறது. முதல் மாடியில் இருபது பிள்ளைகள் ஹெட்போனோடு. இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் என் காதில் விழுந்தது ஒரே வசனம்: "சார், உங்க பொண்ணு மாவட்ட அளவுல நல்ல மார்க்." "மேடம், உங்க பையன் மாவட்ட அளவுல நல்ல மார்க்." எல்லாருக்கும் 12,000 ஸ்காலர்ஷிப். மேனேஜர் என்று ஒருவர் வந்தார். "எங்க வேலை சேல்ஸ் மட்டும் சார், சர்வீஸெல்லாம் பெங்களூரு" என்றார். தண்ணீர் கேட்டேன், அதை மட்டும் கொடுத்தார்கள்.

ஊரில் விசாரித்தால் காரிமங்கலத்தில் ஒரு வீடு, மாரண்டஅள்ளியில் ஒரு வீடு, இதே கதை. ஒருவர் மாங்காய்த் தோப்பைக் குத்தகைக்கு விட்ட பணத்தில் கட்டியிருக்கிறார். எல்லாரும் வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

என்னென்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கடையில் ஆள் வந்துவிட்டார், அதனால் நினைவில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். ஓடிபி மெசேஜில் நம்பருக்கு முன்னாலும் பின்னாலும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாயைத் திறங்கள். வீட்டில் வைத்து எதற்கும் கையெழுத்து வேண்டாம், ஒரு ராத்திரி போகட்டும். சீலை அவர்கள் உடைத்தால் வீடியோ எடுத்து வையுங்கள். தவணை என்றால் கடன்தான். கடனின் முக்கிய விவரத் தாள் ஒன்று மெயிலில் வரும். அதில் எத்தனை நாளுக்குள் அபராதமில்லாமல் கடனை விட்டு வெளியே வரலாம் என்று இருக்கும். அந்தத் தாளை நான் நாற்பது நாள் கழித்துத்தான் பார்த்தேன். ஆன்லைனில் காசைத் திருடினால் கூப்பிடும் 1930 வேறு, இந்த மாதிரிப் பொருள், சேவை ஏமாற்றுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

மகள் இப்போது பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி ஆப்பிலும், இலவசமாக இறக்கிய பாடப்புத்தகத்திலும் படிக்கிறாள். தமிழில் இருக்கிறது, காசில்லை. நீட் வினாத்தாளே தமிழில் வரும்போது 42,000 கொடுத்து இந்தி கலந்த பாடம் எதற்கு என்று அவளே கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

நேற்று மத்தியானம் 1915க்குப் பேசிப் புகார் எண் வாங்கிவிட்டேன். பில், வாட்ஸ்அப், ஆறு டிக்கெட் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஆணையத்துக்கும் தயார் செய்கிறேன், நல்லவேளை ஜெராக்ஸ் செலவு கிடையாது. அந்த இரண்டு வீட்டாரும் சேர்ந்து வருகிறேன் என்றிருக்கிறார்கள். அடுத்த 5ஆம் தேதிக்குள் ஏதாவது நடந்தால் இங்கேயே எழுதுகிறேன். அரூர் பக்கம் இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது அந்தப் பையனைத் தெரிந்திருந்தால், ஆயா அவனைக் கேட்டார் என்று சொல்லுங்கள்.