ஏலக்காய் போய்ச் சேர்ந்துவிட்டது, பணம் நிற்குமா?

குமுளி, கம்பம், போடி வட்டாரத்தில் ஏலக்காயை இணையத்தில் விற்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கமிஷனில்தான் தொடங்கும். இணையத்தில் வாங்குபவரிடம் பணம் பெற்று நமக்குத் தரும் பேமென்ட் கேட்வேக்களில் எது இரண்டு சதவீதம் பிடிக்கிறது, எந்தத் தளம் அதற்கு மேலும் உருவுகிறது என்று விரல்விட்டு எண்ணுவார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. வந்த பணத்தை வாங்கியவர் திரும்பக் கேட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் கேட்க வேண்டும். எத்தனை நாள் வரை அவர் கேட்கலாம்? நிரூபிக்கும் பாரம் யார் தலையில்? எந்தக் காரணத்துக்கு நமக்குக் காப்பு உண்டு, எதற்கு இல்லை?

புகார்கள் எத்தனை விதமாக வந்தாலும் கடைசியில் மூன்றில் ஒன்றில் அடங்கிவிடும். "நான் வாங்கவே இல்லை, யாரோ என் அட்டையைப் பயன்படுத்திவிட்டார்கள்" என்பது ஒன்று. "பொருள் வரவில்லை" என்பது இன்னொன்று. "வந்தது, ஆனால் சொன்னதுபோல் இல்லை" என்பது மூன்றாவது. விற்பனையாளர் பாதுகாப்பு என்று எந்த நிறுவனம் விளம்பரம் செய்தாலும் அது பெரும்பாலும் முதல் இரண்டுக்குத்தான். ஏலக்காய் வியாபாரியின் தலைவலியோ மூன்றாவது. எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் விழாமல் நின்ற பெரிய காய் என்று எழுதி அனுப்புகிறோம். வாங்கியவர் கண்ணாடி ஜாடியில் கொட்டி ஜன்னலோரம் வைக்கிறார். வெளிச்சம் பட்டதும் பச்சை வெளுத்து மஞ்சளாகிறது. "பழைய சரக்கை அனுப்பிவிட்டார்கள்" என்று புகார் வருகிறது. சரக்கு நல்லதாக இருந்தால் புகார் ஏன் வருகிறது என்று கேட்கும் பழைய வியாபாரிகளுக்கு இந்த ஜாடி ஒன்றே பதில். விலை சரியும் வாரங்களில் தரப் புகார் கூடுவதும் தற்செயல் அல்ல. 2019 ஆகஸ்டில் கேரளத்துப் புத்தடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன பொருள் இது. இன்று வாங்கியவர் அடுத்த வாரம் குறைந்த விலையைப் பார்த்தால் காயில் குறை தெரியத்தான் செய்யும்.

அட்டையிலிருந்து தொடங்கலாம். வாங்கியவர் தன் அட்டையைக் கொடுத்த வங்கியிடம் முறையிடுகிறார். அந்த வங்கி விசா அல்லது மாஸ்டர்கார்டு வழியாக நம் பக்கத்து வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்ப எடுக்கிறது. நம் வங்கி, கேட்வே வழியாக, நம்மிடம் பிடிக்கிறது. இதுதான் சார்ஜ்பேக். அமெரிக்காவில் 1974இல் வந்த கடன் கணக்குச் சட்டம் அட்டைக்காரருக்குக் கொடுத்த உரிமையின் மேல் எழுந்த ஏற்பாடு இது. வாங்குபவரின் அச்சத்தைப் போக்கவே பிறந்தது என்பதால் தொடக்கத்திலேயே தராசு அவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான காரணங்களுக்கு முறையிட அவருக்கு 120 நாள் உண்டு. ஓணத்துக்கு வாங்கிய ஏலக்காய்க்குக் கிறிஸ்துமஸ் நெருங்கும்போதும் புகார் வரலாம். பதில் சொல்ல நமக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் சில நாள்கள்தான். அறுவடைக் காலத்தில் வரும் அந்த மின்னஞ்சலை ஒரு வாரம் பார்க்காமல் விட்டால் பணம் போனதுதான். கேட்வே தன் பங்குக்கு ஒரு கட்டணமும் போட்டுவிடலாம். வழக்கில் வென்றாலும் அது திரும்புமா என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் உள்நாட்டு அட்டை விற்பனையில் நமக்கு ஒரு கவசம் இருக்கிறது. இணையத்தில் அட்டைப் பணம் செலுத்தக் கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009இலேயே விதித்துவிட்டது. ஓடிபி வரவில்லை என்று ஆர்டர் நழுவும்போது எரிச்சல் வரத்தான் செய்யும். அந்த ஓடிபி போட்டு நடந்த வாங்கலில் "நான் வாங்கவே இல்லை" என்று புகார் வந்தால், விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்கின் விதிப்படி இழப்பு பொதுவாக அட்டை கொடுத்த வங்கிக்குப் போகும், நம்மிடம் வராது. பொருள் வரவில்லை, சொன்னதுபோல் இல்லை என்ற புகார்களுக்கு மட்டும் இந்தக் கவசம் உதவாது.

வெளிநாட்டு அட்டை வேறு உலகம். தேக்கடிக்கு வந்து குமுளிக் கடையில் ஏலக்காயும் மிளகும் வாங்கிப் போன பயணி, ஊருக்குப் போனதும் வாட்ஸ்அப்பில் இன்னும் இரண்டு கிலோ கேட்கிறார். இந்தப் பக்கத்துக் கடைகளுக்கு இது நல்ல வியாபாரம். அவருடைய அட்டைக்கு நம் ஊர் ஓடிபி விதி பொருந்தாது. அவர் வங்கி கூடுதல் சரிபார்ப்பு கேட்கலாம், கேட்காமலும் விடலாம். கேட்காமல் நடந்த வாங்கலில் கள்ள அட்டை என்று புகார் வந்தால் இழப்பு முழுக்க நம்முடையது. விசா 2023 ஏப்ரல் முதல் இதில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அதே அட்டையில், 120 நாளுக்கு முந்தைய, ஓராண்டுக்குள்ளான, புகார் எழாத இரண்டு வாங்கல்களைக் காட்டி, ஐபி முகவரி அல்லது கருவி அடையாளமும் முகவரி போன்ற இன்னொரு விவரமும் பொருந்துகின்றன என்று நிறுவினால், பொறுப்பு மறுபக்கம் போய்விடும். வழக்கமாக வாங்கும் வாடிக்கையாளர் விஷயத்தில் இது பெரிய உதவி. ஆனால் வாட்ஸ்அப்பில் பேசி பேமென்ட் லிங்க் அனுப்பும் நம் பழக்கத்தில் இந்தப் பதிவுகள் நம் கையில் தங்குவதில்லை. சொந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கி வாங்கவைப்பவருக்கே இந்த வாசல் திறக்கும்.

இங்கே, இணையத்தில் பணம் செலுத்தவும் பெறவும் உதவும் அமெரிக்கச் சேவையான பேபால் குறுக்கே வருகிறது. 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள்ளான பணம் செலுத்தும் சேவையை அது நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கு இன்னும் இருக்கிறது. கட்டணம் கேட்வேயை விடக் கூடுதல் என்று முணுமுணுப்பார்கள். அது உண்மைதான். பதிலுக்கு அது தருவதைப் பார்ப்போம். வாங்கல் விவரப் பக்கத்தில் பேபால் காட்டும் முகவரிக்கே அனுப்பி, சேர்ந்ததற்கான டிராக்கிங் சான்றை வைத்திருந்தால், கள்ளக் கணக்கு, பொருள் வரவில்லை ஆகிய இரு புகார்களிலும் தகுதியான வாங்கலுக்கு நம் பணம் நம்மிடமே நிற்கும். 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் பெறுபவரின் கையெழுத்தும் வேண்டும். "என் தங்கை வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும் வேண்டுகோளுக்கு இணங்கி முகவரியை மாற்றினால் காப்பு அந்த நொடியே போய்விடுகிறது. வியாபாரத்தில் நம்பிக்கைக்குரியவராக நடந்துகொள்ள ஆசைப்படுபவர்கள் விழும் குழி இது. பழைய வாங்கலை ரத்துசெய்து, புதிய முகவரியோடு மறுபடி பணம் செலுத்தச் சொல்வதே சரி. வாங்குபவர் கோபித்தாலும் பரவாயில்லை.

"சொன்னதுபோல் இல்லை" என்றால் பேபாலும் கைவிரித்துவிடும். அதன் விற்பனையாளர் பாதுகாப்பில் இந்தப் புகார் அடங்கவே அடங்காது. முறையிடும் காலமும் நீளம்: 180 நாள். அதற்குள் ஒரு பருவம் முடிந்து அடுத்த பறிப்பு தொடங்கிவிடும். அட்டை, பேபால் இரு வழியிலும் நமக்குள்ள ஒரே பிடி, வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது. விசா விதிப்படி தரப் புகார் சொல்பவர் முதலில் நம்மிடம் தீர்க்க முயன்றிருக்க வேண்டும். பொருளைத் திருப்பியிருக்க வேண்டும், அல்லது திருப்ப முயன்றிருக்க வேண்டும். பேபாலும் டிராக்கிங்கோடு திருப்பி அனுப்பச் சொல்லலாம். ஆகவே புகார் வந்த அன்றே "திருப்பி அனுப்புங்கள், வந்ததும் முழுப் பணமும் தருகிறோம்" என்று முகவரியோடு எழுத்தில் பதில் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஜெர்மனியிலிருந்து இரண்டு கிலோ ஏலக்காயைத் திருப்பி அனுப்பும் செலவை நினைத்தே பாதிப் பேர் பேச்சுவார்த்தைக்கு வருவார்கள். உண்மையிலேயே சரக்கு மோசமாக இருந்தால் அனுப்பிவைப்பார்கள். அப்போது பணத்தைக் கொடுப்பதே நியாயம்.

உள்நாட்டில் யுபிஐ என்றால் கமிஷனே இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. வாங்குபவரே தன் ரகசிய பின் எண்ணைப் போட்டு அனுப்புவதால் பிறகு மறுப்பதும் கடினம். இதைப் பார்த்துவிட்டு "யுபிஐயில் சார்ஜ்பேக்கே இல்லை" என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. வியாபாரக் கணக்குக்குச் செலுத்திய பணத்துக்குப் பொருள் கிடைக்கவில்லை என்று செயலியிலேயே முறையிடலாம். அங்கும் அனுப்பியதற்கான சான்று கேட்பார்கள். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. எங்கோ ஒருவர் ஏமாற்றப்பட்டு, இணைய மோசடிக்கான 1930 உதவி எண்ணில் புகார் கொடுக்கிறார். அந்தப் பணம் கை மாறி மாறி, ஏலக்காய் வாங்கிய ஒருவர் மூலம் நம் கணக்குக்கு வந்திருந்தால், நம் கணக்கே முடக்கப்படலாம். 2023இல் கேரளத்தில் சிறு வியாபாரிகள் பலர் இப்படி மாட்டிக்கொண்டார்கள். புகாருக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதும், கணக்கு முழுவதையும் முடக்க வேண்டியதில்லை என்ற போக்கில் கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டது. சார்ஜ்பேக்கில் போவது ஒரு ஆர்டரின் பணம். கணக்கு முடங்கினாலோ தோட்டக் கூலி, லாரி வாடகை, எல்லாம் நிற்கும். எனவே யுபிஐ வாங்குவதற்கென்று தனி நடப்புக் கணக்கு வைத்து, தினமும் மாலையில் வேறு கணக்குக்கு மாற்றிவிடுவது நல்லது. பில்லும் கொரியர் ரசீதும் அந்தந்தப் பரிவர்த்தனை எண்ணோடு சேர்ந்திருக்கட்டும்.

கேஷ் ஆன் டெலிவரியில் சார்ஜ்பேக் கிடையாது, ஏனென்றால் சரக்குக் கிளம்பும்போது பணமே வந்திருக்காது. வாசலில் வாங்க மறுத்தால் போகும் செலவு, வரும் செலவு இரண்டும் நம் தலையில். பருவமழையில் இரண்டு வாரம் கிடங்கில் கிடந்து திரும்பும் ஏலக்காயைப் புதிய சரக்காக விற்க முடியாது. ஏலக்காய்க்கு இது வேண்டாம் என்பதே என் முடிவு. பழைய தபால் விபிபியும் இதே கதைதான்.

அமேசான், பிளிப்கார்ட் போன்ற சந்தைத் தளங்களில் கமிஷன் கடிக்கும். ஆனால் கள்ள அட்டைப் புகார் விற்பவர் வரை பொதுவாக வருவதில்லை. பணம் வாங்குவது தளம், அந்தச் சண்டையும் அதனுடையது. திரும்பிய சரக்கில் மோசடி நடந்தால் ஈடு கேட்க அமேசானில் சேஃப்-டி என்றும் பிளிப்கார்ட்டில் விற்பனையாளர் பாதுகாப்பு நிதி என்றும் வழி உண்டு. கெடுவுக்குள், படத்தோடு கேட்க வேண்டும். உணவுப் பொருள் என்பதால் சரக்கு திரும்பாமலே வாங்கியவருக்குப் பணம் திரும்பும் நிலையும் உண்டு. அப்போது வாதாட நம்மிடம் காய்கூட இருக்காது. எல்லையில் இருப்பவருக்கு இன்னொரு சிக்கல். 2023 அக்டோபர் முதல் சிறு விற்பனையாளர் ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே இத்தகைய தளத்தில் விற்கலாம், ஆனால் தன் மாநிலத்துக்குள் மட்டும். கேரளத்துக் குமுளிக்காரர் மலையிறங்கித் தமிழ்நாட்டுக் கம்பத்துக்கு விற்றால் அது மாநிலம் விட்டு மாநிலம்; விற்றுமுதல் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பதிவு வேண்டும். திருவனந்தபுரத்துக்கு அனுப்பத் தேவையில்லாத பதிவு கண்ணுக்குத் தெரியும் ஊருக்கு அனுப்பத் தேவைப்படுகிறது.

ஆக, நூறு கிராம், இருநூறு கிராம் பொட்டலத்துக்குச் சந்தைத் தளம் போதும். போனால் சிறிது போகும். தெரிந்த உள்நாட்டு வாடிக்கையாளருக்குத் தனிக் கணக்கில் யுபிஐ, தெரியாதவருக்குச் சொந்தத் தளத்தில் ஓடிபியோடு அட்டை. வெளிநாட்டுச் சில்லறைக்கு, கட்டணம் கூடினாலும், பேபால். எதில் விற்றாலும் ஒவ்வொரு லாட்டிலும் ஐம்பது கிராமை எடுத்து, ஏல லாட் எண்ணும் தேதியும் எழுதி ஒட்டி, கறுப்பு உறையில் ஆறு மாதம் வைத்திருப்பது நல்லது. தராசில் வைத்த படம், சல்லடையில் நிற்கும் காயின் படம், பெட்டி மூடும் படம் மூன்றையும் அனுப்பும் முன் எடுத்துவிட வேண்டும். தளத்தில் விவரம் எழுதும்போது "பசுமையான உயர்தர ஏலக்காய்" என்ற அலங்காரம் வேண்டாம், "8 மி.மீ. சல்லடையில் நின்றது, வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும்" என்று எழுதினால் தரப் புகாரில் அந்த வரியே நம் சாட்சி.

ஐம்பது கிலோ, நூறு கிலோ கேட்கும் வெளிநாட்டு மொத்த வியாபாரியிடம் மேலே சொன்ன எதையும் பயன்படுத்தக் கூடாது. அங்கே வங்கி வழி முன்பணம்தான். வங்கிகள் நாடு விட்டு நாடு பணம் அனுப்பும் ஸ்விஃப்ட் வழியில் வந்து கணக்கில் ஏறிய பணத்தை அட்டைப் பணம்போல் அவர் திரும்ப எடுக்க முடியாது. அப்படியானால் அவர் நம்மை எதற்கு நம்புவார் என்ற கேள்வி நியாயமானதே. கால் கிலோ மாதிரியை முதலில் அனுப்பி, அவர் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகு, பாதிப் பணம் முன்னால், மீதி கப்பல் ஆவணத்தின் நகலைக் காட்டியதும் என்று பேசலாம். முழுத் தொகைக்கும் அட்டைதான் தருவேன் என்று பிடிவாதம் பிடிப்பவரின் ஆர்டரை விட்டுவிடலாம். அதே சரக்கைப் போடி ஏலத்தில் வைத்தால் அன்றைய விலைக்குப் போய்விடும்.