சோலார் றேடியோ: கரண்ட் இல்லாத வீட்டுக்கு நம்பி வாங்கலாம்

2022ல கரண்ட் கட் தொடங்கின நேரம் புதுக்குடியிருப்பில வாங்கின றேடியோ இது, மேல சின்னச் சோலார் தட்டு, பக்கத்தில ரோச் லைட், பென்ரைவ் குத்துற இடம், எஃப்எம்மோட மீடியம் வேவ், சோட் வேவும் இழுக்கும். காலமை முத்தத்து வெயில்ல வைச்சா இரவு படுக்குமட்டும் பாடும்.

இதின்ட அருமை விளங்கினது யூலை 20ந் திகதி. இலங்கை ஜனாதிபதியா இருந்த கோட்டாபய 13ந் திகதி நாட்டை விட்டு ஓடி, அடுத்த நாள் சிங்கப்பூரில இருந்து ராஜினாமாவை அனுப்பினாப் பிறகு மிச்சக் காலத்துக்கு ஜனாதிபதியை பார்லிமென்ட்தான் தெரிவு செய்யோணும் எண்டு வந்தது. 1993ல ஜனாதிபதி பிரேமதாச செத்தாப் பிறகு விஜேதுங்கவைப் போட்டியில்லாமல் எடுத்தவை, வோட்டுப் போட்டு எடுத்தது இதுதான் முதல் தரம். வீட்டில கரண்ட் இல்லை, போனில சார்ஜும் இல்லை. மாமரத்துக்குக் கீழ கதிரையில றேடியோவை வைச்சம், பக்கத்து வீட்டு அக்கா அரிசிச் சுளகோட வந்து குந்திட்டா. எம்பிமார் போட்ட வோட்டு ரணிலுக்கு 134, டலசுக்கு 82, அநுரவுக்கு 3, செல்லாதது 4. ஒரு இலக்கம் கூட இரையாமல் வடிவாக் கேட்டுது.

"எங்கட ஆக்கள் ஆருக்குத் தம்பி போட்டவை?" எண்டு அக்கா கேட்டா. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு டலசுக்கு எண்டு அறிவிச்சது, தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி எம்பிமார் கஜேந்திரகுமாரும் கஜேந்திரனும் வோட்டே போடேல்லை, ஆனா இது இரகசிய வோட்டு, எங்கட வன்னி மாவட்டத்தின்ட ஆறு எம்பிமாரும் ஆற்ற பேருக்கு நேர 1 எழுதினவை எண்டு எழுதின கைக்குத்தான் தெரியும். நாங்கள் அனுப்பின ஆள் எங்களுக்காகப் போடுற வோட்டை எங்களுக்கே மறைக்கிற சட்டம் பிழை எண்டுதான் நான் அண்டைக்கும் சொன்னனான், இண்டைக்கும் சொல்லுறன்.

சண்டைக் காலத்தில வன்னிக்குள்ள பற்றரி வராது. அப்பா சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோ வயரை றேடியோவில கொழுவுவார், அண்ணா கையால பெடலைச் சுத்துவான், கை களைச்சு சுத்து குறைஞ்சா செய்தி வாசிக்கிறவரின்ட குரலும் மங்கி நிண்டிடும், "சுத்தடா சுத்தடா" எண்டு சனம் கத்தும். அப்பிடிச் செய்தி கேட்ட எங்களுக்கு வெயில்ல தன்ர பாட்டில ஓடுற இந்தச் சாமான் பெரிய விசயம்.

குறையும் இருக்குது. ஏரியல் சரியான மெல்லிசு, ஒரு வருசத்தில அடியோட முறிஞ்சுது, வாங்கின கடையில கேட்டா தனியா இல்லையாம், இப்ப செப்பு வயர்த் துண்டு ஒண்டைச் சுத்தி வைச்சிருக்கிறன். மாரியில ரெண்டு நாள் மூடிக் கிடந்தா சோலார் காணாது, சார்ஜர் வயரும் கேட்டு வாங்குங்கோ. காசு குடுக்க முதல் சோட் வேவைப் போட்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ.