மூன்றாம் வகுப்புக்கு 'சார்லட்ஸ் வெப்': புத்தகம் எப்படி, நடத்துவது எப்படி

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் பையில் அடிக்கடி தென்படும் நாவல் ஈ. பி. ஒயிட்டின் 'சார்லட்ஸ் வெப்'. 1952இல் வந்தது. 22 அத்தியாயம், சுமார் 32 ஆயிரம் சொற்கள், வாசிப்புக் கடினத்தைக் காட்டும் லெக்ஸைல் அளவு 680. அந்த எண்ணை மட்டும் பார்த்து எளிய புத்தகம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. வாக்கியங்கள் எளிமையாகத்தான் ஓடும். சொற்கள் அப்படியில்லை.

அந்தச் சொற்களுக்காகவே இதை வாங்கலாம். கதையில் வரும் சிலந்தி சார்லட், பன்றிக்குட்டி வில்பருக்கு வாய்த்த டீச்சர். ஐந்தாம் அத்தியாயத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளும்போது 'சாலுடேஷன்ஸ்' என்கிறாள். வில்பர் திருதிருவென்று விழிக்கிறான். 'ஹலோ'வைத்தான் கொஞ்சம் அலங்காரமாகச் சொன்னேன் என்று விளக்குகிறாள். 'செடன்டரி' (ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது), 'வெர்சடைல்' (பல வேலை தெரிந்த), 'மேக்னம் ஓபஸ்' (தலைசிறந்த படைப்பு) எல்லாம் இப்படித்தான் வருகின்றன: அவள் சொல்வாள், அவன் கேட்பான், அவள் பொருள் சொல்வாள். 'வெர்சடைல்' என்றால் வயிறு நிறைய முட்டை என்று அர்த்தமா என்று வில்பர் கேட்கும் இடம், எந்த வகுப்பையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

கடையில் விற்கும் பாடத்திட்டத் தொகுப்புகள் பல சறுக்குவது இங்கேதான். அத்தியாயம் தொடங்குமுன் பத்துப் பன்னிரண்டு சொற்களைப் பலகையில் எழுதி, அகராதிப் பொருளை நோட்டில் எழுத வைக்கச் சொல்கின்றன. பொருள் தெரியாத பிள்ளை வில்பரோடு சேர்ந்து யூகிக்கும். தெரிந்த பிள்ளை அந்தப் பக்கம் எப்போது முடியும் என்று காத்திருக்கும். ஆசிரியர் கட்டிவைத்த பாடத்தை நாமே முந்திக்கொண்டு கலைக்க வேண்டாம். முன்கூட்டிச் சொல்ல வேண்டியவை சார்லட் விளக்காத பண்ணைச் சொற்கள்: 'ரன்ட்' என்றால் ஒரே ஈற்றில் பிறந்தவற்றில் நோஞ்சான் குட்டி, 'ட்ராஃப்' தீவனத் தொட்டி, 'ஸ்லாப்ஸ்' அதில் கொட்டும் மிச்சம் மீதிக் கலவை. முதல் நாளே இந்த மூன்றும் போதும். 'ரன்ட்' புரியாவிட்டால் முதல் அத்தியாயமே புரியாது.

அந்த அத்தியாயத்தை டீச்சர்தான் வாய்விட்டு வாசிக்க வேண்டும், பிள்ளைகளிடம் மௌன வாசிப்புக்கு விடக் கூடாது. முதல் வரியிலேயே, நோஞ்சானாகப் பிறந்த வில்பரைக் கொல்லப் புறப்பட்ட அப்பா கையில் கோடரி. எட்டு வயது ஃபெர்ன், காலை உணவுக்கு மேசையைத் தயார் செய்துகொண்டே அப்பா எங்கே போகிறார் என்று கேட்கிறாள். பிறக்கும்போது நான் இப்படி நோஞ்சானாக இருந்திருந்தால் என்னையும் கொன்றிருப்பீர்களா என்ற அவளுடைய கேள்வி வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டுப் பத்து நிமிடம் வகுப்பைப் பேச விடுங்கள். கேள்வித்தாள் எதுவும் அன்று வேண்டாம்.

இன்னொன்று, தொடங்கும் முன்பே செய்ய வேண்டியது. ஏழாம் அத்தியாயத்தில், கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வில்பரை வெட்டிவிடுவார்கள் என்று கிழட்டு ஆடு சொல்லிவிடுகிறது. பேக்கன், ஹாம் என்ற பன்றி இறைச்சிப் பேச்சு கடைசிவரை உண்டு. முஸ்லிம், யூதக் குடும்பங்களும் நம்மைப் போன்ற சைவ வீடுகளும் இருக்கும் வகுப்பென்றால், ஒரு வாரம் முன்பே பெற்றோருக்கு நாலு வரிக் கடிதம் போய்விடட்டும். கதை பன்றியைக் காப்பாற்றுவது பற்றியது என்று தெரிந்தால் பெரும்பாலும் யாருக்கும் மறுப்பிருக்காது.

செயல்பாடுகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரமிருக்கிறதென்றால் 13ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வில்பரைக் காப்பாற்ற, அவனைப் புகழும் சொற்களைச் சார்லட் தன் வலையில் எழுதுகிறாள். அதற்குச் சொல் தேடி, எலி டெம்பிள்டன் குப்பையிலிருந்து காகிதத் துண்டுகளைக் கொண்டுவருகிறது. 'க்ரஞ்சி' வேண்டாம், வில்பரை வளர்க்கும் பண்ணைக்காரர் ஸக்கர்மனுக்கு மொறுமொறு பேக்கன் ஞாபகம் வந்துவிடும். சட்டை லேபிளில் இருந்த 'ப்ரீ-ஷ்ரங்க்' (முன்பே சுருக்கிய துணி) உதவாது. சோப்புத்தூள் பாக்கெட்டில் இருந்த 'ரேடியன்ட்' (ஒளிவீசும்) பரவாயில்லை. ஆனாலும் வில்பரை ஓடவிட்டு, குதிக்கவிட்டுப் பார்த்த பிறகுதான் சார்லட் அதை ஒப்புக்கொள்கிறாள். வகுப்பிலும் அதே முறைதான். பழைய பத்திரிகை, பிஸ்கட் பாக்கெட், துணி லேபிள் கொண்டுவரச் சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் நண்பனுக்குப் பொருந்தும் சொல்லை வெட்டி எடுக்க வேண்டும். 'நைஸ்', 'கூல்' என்றுதான் முதலில் வரும். போன வாரம் அவன் செய்த எந்தக் காரியத்துக்கு இந்தச் சொல் பொருந்துகிறது என்று ஒரு வாக்கியம் எழுதினால்தான் ஏற்பது என்று வைத்தால், இரண்டாம் சுற்றில் நல்ல சொற்கள் வந்துவிடும்.

வலை செய்வது அடுத்தது. இணையத்தில் கிடைக்கும் செய்முறைகள் சில, நூலைக் கூடை பின்னுவது போல மேலும் கீழுமாகக் கோக்கச் சொல்கின்றன. சிலந்தி அப்படிச் செய்வதில்லை. காகிதத் தட்டின் நடுப்பகுதியை வெட்டி வளையமாக்குங்கள். விளிம்பில் 12 வெட்டு. 2 மீட்டர் கம்பளி நூலை எதிரெதிர் வெட்டுகளில் மாட்டி, ஆறு முறை குறுக்கே இழுத்து, நடுவில் முடிச்சுப் போட்டால் 12 ஆரங்கள் கிடைக்கும். பிறகு தனியாக 3 மீட்டர் நூலை வெளிவிளிம்பில் தொடங்கி உள்நோக்கிச் சுற்ற வேண்டும், ஒவ்வொரு ஆரத்திலும் ஒரு சுற்றுப் போட்டு. நிஜ வலையிலும் ஒட்டும் இழை வெளியிலிருந்து உள்ளேதான் வரும். ஐந்து மீட்டரையும் ஒரே நூலாகக் கொடுத்தால் சிக்கிக்கொண்டு பாதி நேரம் அதை அவிழ்ப்பதிலேயே போகும். மொத்தம் 45 நிமிடம் ஒதுக்குங்கள். பாடத்தைச் செப்டம்பரில் வைத்தால் தோட்டத்திலும் வலைகள் கண்ணில் படும் காலம்.

குறைகளும் உண்டு. எட்டாம் அத்தியாயம் பெரியவர்களின் கவலை, பிள்ளைகள் நெளிவார்கள். வேகமாக வாசித்துக் கடந்துவிடலாம். 14ஆம் அத்தியாயமும் மெதுவாகத்தான் போகிறது. ஆனால் எழுத்தை விடுங்கள், வலையே அதிசயம்தானே என்று, ஃபெர்னின் அம்மா யோசனை கேட்கப் போகும் டாக்டர் டோரியன் சொல்லும் பகுதியை விட்டுவிடக் கூடாது. கதையைத் தொடங்கிவைத்த ஃபெர்ன் கடைசியில் ராட்டினம் சுற்றும் ஆசையில் வில்பரை மறந்துபோவது பல பிள்ளைகளுக்குக் கோபத்தை உண்டாக்கும். நியாயமான கோபம். அதைச் சமாதானம் செய்ய முயலாமல் எழுத வையுங்கள்.

வாங்கும்போது எல்லோருக்கும் ஒரே பதிப்பாக வாங்குங்கள். பக்க எண் மாறினால் 'எந்தப் பக்கம் டீச்சர்' என்பதிலேயே நேரம் போய்விடும். கார்த் வில்லியம்ஸின் கறுப்பு வெள்ளைப் படங்கள் உள்ள சாதாரணப் பேப்பர்பேக்கே போதும். ஒயிட்டே வாசித்த ஒலிப்புத்தகம் சுமார் மூன்றரை மணி நேரம். வாசிப்பில் பின்தங்கும் பிள்ளைக்கு நல்ல துணை. 1973இல் ஒன்றும் 2006இல் ஒன்றுமாக வந்த படங்களைப் பாடம் முடிந்த பிறகு காட்டுங்கள்.

ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம், ஆறும் ஏழும் ஒன்றாக என்று கொண்டால் நான்கு வாரத்தில் முடியும். கடைசி இரண்டையும் ஒரே நாளில் வையுங்கள், வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். 21இல், ஆளரவமற்ற சந்தைத் திடலில், பக்கத்தில் யாருமில்லாமல் சார்லட் இறந்துபோகிறாள். மதிய உணவுக்குச் சற்று முன் அதை வாசியுங்கள். முன்பே ஒருமுறை தனியாக வாய்விட்டு வாசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள், குரல் உடையும். முடிந்ததும் கேள்வி எதுவும் கேட்காமல் பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிடுங்கள். திரும்பி வந்து உட்கார்ந்ததும் 22. முட்டைப் பையில் இருந்த 514இல் ஜாய், அரேனியா, நெல்லி என மூன்று குஞ்சுகள் கொட்டிலிலேயே தங்கிவிடும் என்று தெரிந்த பிறகே அன்று மணி அடிக்க வேண்டும்.