வீட்டுக் கத்தி தீட்ட எது: லான்ஸ்கியா, வொர்க் ஷார்ப்பா, ஷார்ப்மேக்கரா?

கத்தி மொக்கையாகிவிட்டது, தக்காளித் தோலை வெட்டாமல் நசுக்குகிறது, சரி நாமே தீட்டிக்கொள்ளலாம் என்று தேட ஆரம்பித்தால், கல்லுக்கும் கத்திக்கும் இடையே உள்ள கோணத்தைப் பிடித்துத் தரும் கருவிகள் வரிசையாக வந்து நிற்கும். விலை ஒரு மிக்ஸி ஜாரில் தொடங்கி நல்ல போன் வரை போகிறது. எதை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இரண்டே கேள்வி: உங்கள் கத்தி முதுகிலிருந்து விளிம்புவரை எவ்வளவு அகலம், இப்போது எந்த அளவுக்கு மழுங்கியிருக்கிறது? கருவி விற்பவர்கள் கோணத்தின் துல்லியத்தைப் பற்றியே பேசுவார்கள். சமையலறையில் 20 டிகிரி 21 ஆனால் ஒரு வெங்காயத்துக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு பக்கமும் கடைசிவரை ஒரே கோணத்தில் தேய்ந்தால் போதும்.

லான்ஸ்கியில் இருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் பலர் முதலில் வாங்குவது அதைத்தான். கத்தியின் முதுகை ஒரு கிளாம்ப் கவ்விக்கொள்ளும், அதன் இரு முனைகளிலும் 17, 20, 25, 30 என்று எழுதிய துளைகள், கல்லில் மாட்டிய கம்பி அந்தத் துளைக்குள் போய்வரும். எளிய கருவி, விலையும் குறைவு, சின்ன டப்பாவில் அடங்கிவிடும். பேனாக்கத்தி, மடக்குக் கத்தி வைத்திருப்பவர்களுக்கு அருமையானது. சமையல் கத்தியை மாட்டும்போதுதான் சிக்கல். அந்த எண்கள் குறுகலான கத்தியை மனதில் வைத்து எழுதியவை. துளையிலிருந்து விளிம்பு 8 செ.மீ. தூரத்தில் இருக்கும்போது 20 டிகிரி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே துளையில் 3 செ.மீ. அதிக அகலமான கத்தியை மாட்டினால் கோணம் ஏறத்தாழ 15க்கு இறங்கிவிடும். இறங்கினால் கூர் அதிகமாகத்தானே இருக்கும் என்று தோன்றும். நம் வீடுகளில் இருக்கும் மலிவான எவர்சில்வர் கத்தியின் எஃகு மென்மையானது, 15 டிகிரியில் தீட்டினால் முதல் நாள் பிரமாதமாக வெட்டி அந்த வாரத்துக்குள்ளேயே விளிம்பு மடங்கிவிடும். அப்புறம், 20 செ.மீ. நீளக் கத்தியை ஒரே பிடியில் தீட்டவும் முடியாது. கிளாம்பை நடுவில் ஒருமுறை இடம் மாற்ற வேண்டும், மாற்றிய இடத்தில் இரண்டு தீட்டலும் சேராமல் ஒரு தடம் தெரியும். எண்ணெய் வேறு ஊற்ற வேண்டும். சமையல் கத்திக்கு மட்டும் என்றால் நான் இதைச் சொல்லமாட்டேன்.

வொர்க் ஷார்ப் பிரிசிஷன் அட்ஜஸ்ட் இதே குடும்பம்தான், ஆனால் கோணத்தைத் துளைகளுக்குப் பதிலாக ஒரு திருகில் வைத்திருக்கிறார்கள், 15 முதல் 30 டிகிரி வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். அகலமான கத்தியா? திருகை நாலு டிகிரி ஏற்றிக்கொள்ளுங்கள், முடிந்தது. தேய்க்கும் பகுதி மூன்று முகம் கொண்டது: 320 எண் வைரப் பூச்சு, 600 எண் வைரப் பூச்சு (எண் சிறிதானால் சொரசொரப்பு அதிகம்), மூன்றாவதாக வழவழப்பான செராமிக். தண்ணீரோ எண்ணெயோ வேண்டாம். ஒரு பக்கம் முடிந்ததும் கத்தியோடு சேர்த்துக் கிளாம்பைப் புரட்டிப் போட்டால் மறுபக்கம். உடம்பு பெரும்பாலும் பிளாஸ்டிக், கையில் எடுத்தால் இதற்கா இவ்வளவு என்று தோன்றும். நீளமான மெல்லிய கத்தியின் நுனி அழுத்தினால் வளைந்து கொடுக்கும், அங்கே கையை லேசாக விட வேண்டும். அதையெல்லாம் மீறி, வருடக்கணக்கில் தீட்டப்படாத கத்தியை ஒரு மாலையில் திருப்பிக் கொண்டுவர இந்த விலையில் இதைவிட உருப்படியான வழி எனக்குத் தெரியவில்லை. 320 வைரம் உலோகத்தை வேகமாக எடுக்கும், மொக்கைக் கத்திக்கு அதுதான் முதலில் தேவை.

ஷார்ப்மேக்கர் வேறு ரகம். ஸ்பைடர்கோ தயாரிப்பு. இதில் கத்தியை எங்கேயும் மாட்டுவதில்லை. அடித்தளத்தில் முக்கோண செராமிக் குச்சிகள் இரண்டு சாய்ந்து நிற்கும், பக்கத்துக்கு 15 அல்லது 20 டிகிரி. நீங்கள் கத்தியைச் செங்குத்தாகப் பிடித்து, ரொட்டி வெட்டுவது மாதிரி மேலிருந்து கீழே இழுக்க வேண்டும், ஒருமுறை இந்தக் குச்சி, ஒருமுறை அந்தக் குச்சி. முதலில் சற்றே சொரசொரப்பான பழுப்புக் குச்சி ஜோடி, பிறகு வழவழப்பான வெள்ளை ஜோடி. எடுத்து வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது, அதனாலேயே அடிக்கடி பயன்படும். பரணில் ஏறாத கருவி இது ஒன்றுதான். பல்லுள்ள ரொட்டிக் கத்தியை முக்கோணக் குச்சியின் ஓரமுனையில் தீட்டலாம், கத்தரிக்கோலுக்கும் தனி அமைப்பு இருக்கிறது. குச்சி கறுத்துப்போனால் பாத்திரம் தேய்க்கும் பவுடர் போட்டுத் தேய்த்தால் போதும். குறை என்னவென்றால் கூடவே வரும் குச்சிகள் மிக மெதுவாகத்தான் உலோகத்தை எடுக்கும். நன்றாக மழுங்கிய கத்தியை இதில் தீட்ட உட்கார்ந்தால் கை வலித்ததுதான் மிச்சம், கத்தி அப்படியே இருக்கும். வைரக் குச்சி தனியாக விற்கிறார்கள், அதையும் சேர்த்தால் விலை வொர்க் ஷார்ப்பைத் தாண்டிவிடும்.

எட்ஜ் புரோ ஏபெக்ஸ் அமெரிக்காவின் ஓரிகனில் செய்வது. கத்தியை ஒரு சிறு மேடையில் படுக்கவைத்து இடது கையால் நகர்த்திக்கொண்டே, வலது கையால் நீர்க்கல்லை (தண்ணீரில் நனைத்துத் தீட்டும் கல்) ஓட்ட வேண்டும். கத்தி எவ்வளவு நீளம் என்றாலும் கவலையில்லை, வெளிநாட்டு சமையல்காரர்கள் பலர் இதை விரும்புவது அதனால்தான். நன்றாகச் செய்தால் வரும் கூர் மற்ற எல்லாவற்றையும் விட ஒரு படி மேல். ஆனால் தண்ணீர், கல் சேறு, துடைக்கத் துணி, இதற்கென்று மேஜையில் இடம். பொழுதுபோக்காகச் செய்பவருக்குத்தான் சரிப்படும். இதைப் பார்த்துச் செய்த சீன நகல்கள் ரூயிக்ஸின் முதலான பெயர்களில் மிக மலிவாகக் கிடைக்கின்றன. நகலில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது கம்பி ஆடுகிறதா என்பதை. அது ஆடினால் கோணமும் ஆடும், அப்புறம் வாங்கியதற்கே அர்த்தமில்லை. கூட வரும் கற்களைவிட வைரத் தகடு நாலு தனியாக வாங்கிப் போடுவது மேல். புதுக் கல்லின் தடிமன் மாறினால் கோணமும் மாறும், அதை மறக்க வேண்டாம்.

ஹோர்ல் போன்ற உருளைகள் அழகு, காந்தக் கட்டையில் கத்தியை ஒட்டி உருட்ட வேண்டியதுதான், ஆனால் கோணம் 15, 20 போன்ற சில மட்டும்தான். அடியில் தடித்த உலோகப் பட்டை உள்ள ஜெர்மன் கத்தியின் பிடியோர விளிம்பை அது தொடாது. விக்கெட் எட்ஜ், டார்மெக் எல்லாம் அருமையான கருவிகள், ஒரு குடும்பத்தின் மூன்று கத்திக்கு அவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை. இழுத்துத் தீட்டும் மலிவு வி வடிவக் கருவியை மட்டும் தொடாதீர்கள், அது விளிம்பைச் சுரண்டிப் பிய்க்கிறது.

எந்தக் கிளாம்ப் கருவியை வாங்கினாலும் ஒரு விஷயம் பெட்டியில் எழுதியிருக்காது. விளிம்பு நேராகப் போகும்வரை கோணம் மாறாது, நுனிக்கு அருகே வளையும் இடத்தில்தான் மாறும். கிளாம்பை முன்னும் பின்னும் நகர்த்தி, அந்த வளைவு கம்பி சுழலும் புள்ளியை மையமாகக் கொண்ட வட்டத்தோடு ஓரளவு பொருந்தும் இடத்தைக் கண்டுபிடித்து, முதுகில் பென்சிலால் குறித்துவையுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க விளிம்பு முழுக்கக் கறுப்பு மார்க்கரால் பூசி, கல்லை இரண்டே முறை ஓட்டுங்கள். மை முழுதாக அழிந்திருந்தால் கோணம் சரி. மேல்பக்கம் மட்டும் அழிந்து ஓரத்தில் கறுப்புக் கோடு மிச்சமிருந்தால் கோணம் குறைவு, கல் விளிம்பைத் தொடவே இல்லை. அதைத் தெரியாமல் அரை மணி நேரம் தேய்த்துவிட்டுக் கருவியைத் திட்டுபவர்கள் அதிகம். தீட்டியதற்கு அடையாளம் மறுபக்கம் எழும் மெல்லிய உலோகப் பிசிறு: முதுகிலிருந்து விளிம்பை நோக்கி விரலால் மெல்லத் தடவினால் நகத்தில் தட்டும். அடி முதல் நுனிவரை அது வந்தபிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும், அடுத்த கல்லுக்கும் போக வேண்டும்.

தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள். அவசரத்துக்குக் கொடுக்கலாம், ஆனால் காய்ந்த சக்கரம் வேகமாகச் சுற்றும்போது விளிம்பு சூடேறும், நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போனதாக அர்த்தம்.

ஆகவே, இருக்கும் கத்தி மொக்கை என்றால் வொர்க் ஷார்ப். ஏற்கெனவே நல்ல கூரில் இருக்கிறது, அப்படியே காப்பாற்ற வேண்டும் என்றால் ஷார்ப்மேக்கர். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் யோசிக்காமல் முதலாவது. அரிவாள்மனைக்கு இவற்றில் எதுவுமே ஆகாது. வளைந்த அலகு கட்டையில் பதிந்திருக்கிறது, கிளாம்ப் பிடிக்க இடமில்லை. அதற்குக் கையகல வைரத் தகடு ஒன்றை வாங்கி, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு வெளிப்பக்கமாகத் தேய்க்க வேண்டியதுதான்.