யூகாஸா, காமன் ஆப்பா?

இளநிலைப் படிப்புக்கு பிரிட்டன் என்றால் யூகாஸ், அமெரிக்கா என்றால் பெரும்பாலும் காமன் ஆப். இரண்டுமே பல பல்கலைக்கழகங்களுக்கு ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்கும் இணையதளங்கள்.

யூகாஸில் ஐந்து தெரிவுகள் மட்டுமே. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் ஒரே ஆண்டில் பொதுவாக விண்ணப்பிக்க முடியாது. அவற்றுக்கும் மருத்துவத்துக்கும் அக்டோபர் 15 கெடு. ஐந்து இடங்களுக்கும் ஒரே தன்விளக்கம்தான் (ஏன் இந்தப் பாடம் என்று நீங்கள் எழுதித் தருவது) போகும். 2026 சேர்க்கை முதல் அது மூன்று கேள்விகளுக்கான பதில்கள். மொத்தம் 4,000 எழுத்துகள், இடைவெளியும் கணக்கில் சேரும். பேச்செல்லாம் பாடத்தைப் பற்றியே. சட்டமா வேதியியலா என்று இன்னும் ஊசலாடுபவர் இங்கே திண்டாடுவார். உறுதியாக இருப்பவருக்கு இதுவே நிம்மதி என்பேன்.

காமன் ஆப்பில் 20 கல்லூரிகள் வரை, 650 சொற்களுக்குள் ஒரு கட்டுரை. நீங்கள் யார் என்பதே அங்கே கேள்வி. பாடத்தைப் பல கல்லூரிகளில் பிறகு முடிவுசெய்யலாம். ஆனால் 20 என்றதும் ஆசைப்படாதீர்கள்: பல கல்லூரிகள் தனித்தனிக் கட்டணமும் துணைக் கட்டுரைகளும் கேட்கும்.