கையால் இழுக்கும் ஸ்டென்சில் பிரிண்டர்: நெல்லைப் பக்கத்துச் சிறு பட்டறைக்குச் சரிப்படுமா?

அலுமினிய அடித்தளம், பின்பக்கம் கீல், முன்பக்கம் தூக்குகிற சட்டம், போர்டை நகர்த்த மூன்று திருகுகள். கம்பெனிப் பெயரே இல்லாமல் ஆன்லைனில் விற்கும் மேசைமேல் ஸ்டென்சில் பிரிண்டர் இவ்வளவுதான். சட்டத்தில் மாட்டிய துளை போட்ட மெல்லிய தகடு (ஃபாயில்) வழியாக, சர்க்யூட் போர்டில் உதிரிகள் உட்காரும் செம்புத் திட்டுகளில் (பேட்) சால்டர் பேஸ்டை, அதாவது ஈயப் பசையை, அச்சடிக்கிற கருவி இது. கரண்ட் தேவையில்லை. பம்புசெட் ஸ்டார்ட்டர், எல்இடி டிரைவர், இன்வெர்ட்டர் போர்டு போடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். 0603 என்ற சின்ன அளவு ரெசிஸ்டர், எஸ்ஓஐசி என்ற இருபக்கமும் கால் உள்ள ஐசி, 0.65 மி.மீ. கால் இடைவெளி உள்ள ஐசி வரை பேஸ்ட் சுத்தமாக விழும். 0.5 மி.மீ. என்றால் கை பழக வேண்டும். காலுக்குப் பதில் அடியில் 0.4 மி.மீ. இடைவெளியில் குண்டுகள் உள்ள பிஜிஏ ஐசி வரும் வேலைக்கு இது ஆகாது.

பெரிய குறை கீல்தான். சட்டம் நேராக மேலே எழும்பாமல் வளைவாக எழும்புகிறது. ஃபாயில் சட்டத்தின் அடியில் இருக்கிறது, கீலின் அச்சோ அதற்குச் சுமார் 2 செ.மீ. மேலே. அதனால் தூக்கும்போது ஃபாயில் முன்பக்கமாகவும் கொஞ்சம் இழுபடும். போர்டு கீலிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருந்தால், 0.12 மி.மீ. கனமுள்ள ஃபாயில் பேஸ்டை விட்டு விலகுவதற்குள் 0.05 மி.மீ. இழுத்துவிடுகிறது. 20 செ.மீ. தள்ளி இருந்தால் 0.01 மி.மீ.தான். எனவே போர்டை எப்போதும் கைக்குப் பக்கமாக வையுங்கள். ஸ்டென்சில் செய்யக் கொடுக்கும்போதே துளைகளின் படத்தைச் சட்டத்தின் முன்பாதியில் அமைக்கச் சொல்லிவிட வேண்டும். ஃபாயில் வந்த பிறகு மாற்ற வழியில்லை.

திருகுகளில் ஆட்டம் உண்டு. வலப்பக்கம் தள்ளிப் பொருத்திவிட்டு, கூடிப்போனது என்று அரைச்சுற்று திருப்பினால் போர்டு அசையாது, திருகு மட்டும் சுற்றும். எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்துங்கள். எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு சின்ன பேட்களை லென்ஸ் வைத்துப் பார்த்தால் போதும். நடுவில் பார்த்தால் கோணத் தவறு தெரியாது.

பேஸ்டை இழுக்கக் கூட வரும் ரப்பர் பட்டையை (ஸ்குவீஜி) தூக்கிப் போடுங்கள். பெரிய துளைகளுக்குள் ரப்பர் இறங்கி பேஸ்டை வழித்தெடுத்துவிடும். டையோடு, காயில் பேட்களில் நடு குழிந்து நிற்பது இதனால்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிளேடு வாங்கி 60 டிகிரி சாய்வில், வினாடிக்கு 2 முதல் 3 செ.மீ. வேகத்தில் இழுக்கவும். ஃபாயில் மேல் பேஸ்ட் படலம் தங்காத அளவுக்கு அழுத்தினால் போதும். பிளேடுக்கு முன்னால் 1.5 செ.மீ. பருமனில் பேஸ்ட் இருக்க வேண்டும். பத்தமடைப் பாயைச் சுருட்டுவதுபோல் அது உருண்டு வர வேண்டும். உருளாமல் வழுக்கினால் துளை நிரம்பாது.

போர்டைச் சுற்றி அதே 1.6 மி.மீ. கழிவு போர்டுத் துண்டுகளை ஒட்டி மேடை கட்டவும். இல்லாவிட்டால் ஃபாயில் ஓரத்தில் வளைந்து, அடியில் இடைவெளி விழுந்து, பேஸ்ட் கசிந்து, ஐசி கால்கள் ஒட்டிக்கொள்ளும். பல போர்டுகளைச் சேர்த்து, பிரிக்க வசதியாக வி-கட் பள்ளம் போட்ட பேனல் நடுவில் தொய்யும். தாங்கிப் பிடிக்க அடியில் காந்த பின் வையுங்கள். கூட வருவது போதாது, இன்னும் நாலைந்து வாங்க வேண்டியிருக்கும்.

ஸ்டென்சில் செய்பவரிடம் ஃபாயில் கனத்தை மட்டும் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். துளை வாயின் பரப்பை உட்சுவர்ப் பரப்பால் வகுத்தால் 0.66க்குக் குறையக் கூடாது. 0.25 x 0.8 மி.மீ. துளைக்கு 0.12 ஃபாயிலில் 0.79 வருகிறது, தேறும். 0.25 மி.மீ. வட்டத் துளைக்கு அதே ஃபாயிலில் 0.52, 0.1 ஃபாயிலில்கூட 0.63 தாண்டாது. பேஸ்ட் துளைச் சுவரிலேயே ஒட்டி நின்றுவிடும். பிஜிஏ வேண்டாம் என்றதற்கு இது இன்னொரு காரணம். பேஸ்டில் உள்ள ஈயப் பொடி விஷயத்தில் டைப் 4, அதாவது 20 முதல் 38 மைக்ரான், வாங்குவது நல்லது.

இனி நம்ம ஊர் வெயில். இந்த பிரிண்டரைக் குறை சொல்கிறவர்களில் பாதிப் பேர் உண்மையில் பேஸ்டைத்தான் குறை சொல்ல வேண்டும். அச்சடிக்கும் அறை 22 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கத்திரியில் தகரக் கூரைக்குக் கீழே அது நடக்காது. சூட்டில் பேஸ்ட் இளகிப் பக்கத்துப் பேடுக்குச் சாயும். ஒரு சின்ன அறைக்காவது ஏசி போட்டே ஆக வேண்டும். சீலிங் ஃபேன் கூடவே கூடாது: பேஸ்டில் கலந்திருக்கும் ஃபிளக்ஸில் உள்ள கரைப்பான் பறந்து பேஸ்ட் காய்ந்துவிடும். ஆடி மாதம் செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் மேலக்காற்று தூசியையும் சேர்த்துக் கொண்டுவரும், ஜன்னலை அடைத்துவிடுங்கள். பேஸ்ட் டப்பாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, மூடியைத் திறக்காமல் 4 மணி நேரம் வெளியே வைக்கவும். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே நீர் வேர்த்து, பேஸ்டைச் சூடாக்கி உருக்கும் ரீஃப்ளோவில் சின்னச் சின்ன ஈயக் குண்டுகளாகத் தெறிக்கும். மிச்சப் பேஸ்டைப் புது டப்பாவில் திரும்பப் போடாதீர்கள்.

ஃபாயிலின் அடிப்பக்கத்தை 5 முதல் 10 அச்சுக்கு ஒருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைக்கவும். பட்டறையில் கிடக்கும் பனியன் வேஸ்ட் வேண்டாம். நூல் துளைக்குள் மாட்டிக்கொள்ளும். துடைத்ததும் ஈரம் ஆறாமல் அடுத்த போர்டை வைத்தால் பேஸ்ட் நீர்த்துப்போகும்.

பார்சல் வந்ததும் முதலில் கீலைச் சோதியுங்கள். சட்டத்தின் முன் ஓரத்தைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள். திருகு ஆட்டத்தைச் சமாளிக்கலாம், கீல் ஆட்டத்தைச் சமாளிக்க முடியாது.